யாராவது ஒருத்தர்

பகல் முழுக்க மற்றவர்கள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் என் வேலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் இரண்டாவது மாடியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தமிழ் சீரியல்களுக்கு மலாயில் சப்டைட்டில் போடுகிறேன். மருமகள் அழுவாள், மாமியார் அழுவார், எல்லோரையும் அழ வைத்த வில்லனும் வெள்ளிக்கிழமை எபிசோடில் ஒரு பாட்டம் அழுவான். அத்தனையையும் நான் திரையின் அடியில் இரண்டே வரிக்குள் அடக்க வேண்டும். ஒரு வரியில் இத்தனை எழுத்துதான், அது இத்தனை வினாடிதான் நிற்கலாம் என்று விதி இருக்கிறது. ஒருத்தி மூச்சுவிடாமல் மூன்று நிமிடம் புலம்பினாலும் மலாயில் படிப்பவருக்கு அது நாலு வார்த்தை. 'என்னால் இனி தாங்க முடியாது.' அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறேன்.

போன வருஷத்திலிருந்து முதல் வரைவை மெஷின் போட்டுவிடுகிறது. அது கேட்டு, புரிந்துகொண்டு, மலாயில் எழுதி வைக்கும். நான் திருத்துவேன். 'வயிறெரிஞ்சு சொல்றேன், நீ நல்லாவே இருக்க மாட்டே' என்று ஒரு மாமியார் சாபமிட்ட இடத்தில், மெஷின் 'என் வயிற்றில் தீப்பிடித்திருக்கிறது, உனக்கு உடல்நலம் சரியில்லை' என்று எழுதியிருந்தது. ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டும் என்று தெரிந்ததால் சிரித்தேன். மெஷின் வந்தால் வேலை பாதியாகக் குறையும் என்றார்கள். வேலை குறையவில்லை, எபிசோட் இரண்டு மடங்கானது.

இந்த வேலையால்தான் மரத்துப்போனேன் என்று சொல்ல மாட்டேன். பஸ் ஓட்டுகிறவர்களும் மரத்துப்போகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்களும் மரத்துப்போகிறார்கள். எனக்கென்று பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. ஆனால் ஏதோ ஒரு கட்டத்தில், எதைக் கேட்டாலும் 'அப்படியா' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறவனாகிவிட்டேன். கம்போங் மேடானில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தபோது, எல்லோரோடும் சேர்ந்து மாடிப்படியில் இறங்கினேன், கார் பார்க்கில் நின்றேன், தீயை அணைத்ததும் எல்லோரோடும் சேர்ந்து மேலே ஏறினேன். பயந்தேனா என்று மனைவி கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். இல்லை. 'உங்ககிட்ட பேசறதுக்கு லிஃப்ட்டுகிட்ட பேசலாம்' என்றாள். எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

போனில் எங்களுக்கு ஒரு குடும்ப குரூப் இருக்கிறது. நாற்பத்தாறு பேர். அதை ஆரம்பித்தவள் அக்கா. தன் மகன் கல்யாணத்துக்கு யார் எந்த வேலையைப் பார்ப்பது என்று பேசுவதற்காக ஆரம்பித்தாள். கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் செட்டிலான பிறகும் குரூப்பிலிருந்து யாரும் வெளியேறவில்லை. வெளியேறினால் கோபம் என்று நினைத்துக்கொள்வார்களே என்ற பயம். அதனால் எல்லோரும் உள்ளேயே இருக்கிறோம்.

காலையில் ரோஜாப்பூவும் டீக் கோப்பையும் வரும். அதன் பிறகு பத்துமலை முருகன். அடுத்து யாரோ ஒரு அமைச்சர் பேசிய வீடியோ, அதற்குக் கீழே அது பொய் என்று இன்னொரு வீடியோ. மத்தியானத்துக்கு மேல் தமிழ்நாட்டு அரசியல். கிள்ளானில் இருக்கும் பெரியப்பா மகனுக்கும் ஷா ஆலமில் இருக்கும் ஒரு மச்சானுக்கும், சென்னையில் எந்தக் கட்சி யாரோடு கூட்டணி வைக்க வேண்டும் என்பதில் கடும் தகராறு. ஒருவர் ஒரு நடிகர் பக்கம், இன்னொருவர் அந்த நடிகருக்கு எதிர்ப்பக்கம். இருவரும் தமிழ்நாட்டுக்குப் போனதெல்லாம் சேலை எடுக்கவும் கோயில் பார்க்கவும்தான். அங்கே இருவருக்கும் ஓட்டு கிடையாது. ஓட்டு உள்ள இந்த ஊரில் கடைசியாகத் தேர்தல் வந்தபோது பெரியப்பா மகன் போகவில்லை. பள்ளிக்கூட வாசலில் பார்க்கிங் கிடைக்கவில்லை என்றார். நானும் இதில் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஓட்டுப்போட்டேன், யாருக்குப் போட்டேன் என்று சாயங்காலமே மறந்துவிட்டது.

இந்த குரூப்பை நான் சத்தம் வராதபடி அடக்கி வைத்திருக்கிறேன். சாயங்காலம் எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே திறப்பேன். விரலால் தள்ளிக்கொண்டே போவேன், ஒவ்வொன்றுக்கும் கீழே கூப்பிய கைகளைப் போடுவேன். பிறந்தநாளா, கை. யாருக்காவது காய்ச்சலா, கை. கிள்ளானில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டதா, அதற்கும் அதே கை. பண்டிகைக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் விளக்குக் கம்பங்களில் அரசியல்வாதிகள் தொங்குவார்கள், எல்லாக் கட்சிக்காரர்களும் கையைக் கூப்பிக்கொண்டு. வாழ்த்தும் சொன்னதுபோல் ஆச்சு, எதுவும் செய்வதாகச் சொன்னதுபோலவும் ஆகவில்லை. நான் அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேனோ என்னவோ.

அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வுபெற்றவள். அத்தான் தவறி நாலு வருஷம் ஆகிறது. வரிசை வீட்டில் தனியாக இருக்கிறாள். எனக்கு ஏழு வயது மூத்தவள் என்பதால் சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதெல்லாம் அவள்தான். அத்தான் போன புதிதில் தினமும் எனக்கு போன் பண்ணுவாள். விஷயம் இருக்காது. வாழைக்காய் வறுத்தேன், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு, இப்படி. ஹெட்போனுக்குள் போன் மணி அடித்தால் நான் கேட்டுக்கொண்டிருக்கும் வசனம் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ஒருநாள் சொன்னேன். "அக்கா, வேலை நேரத்துல போன் பண்ணாதே. மெசேஜ் போட்டுடு, நான் பார்த்துக்கறேன்." அவள் 'சரிப்பா' என்றாள். அதற்குப் பிறகு போன் வரவில்லை. நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. யாரையும் பேர் சொல்லி உதவி கேட்க மாட்டோம். பேர் சொல்லிக் கேட்டால் அந்த ஆள் முடியாது என்று சொல்ல வழியில்லாமல் மாட்டிக்கொள்வார், அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது எங்கள் மரியாதை. அதனால் பொதுவில் சொல்லி வைப்போம். அம்மா அடுப்படியிலிருந்து, 'யாராவது ஒருத்தர் கடைக்குப் போயிட்டு வரீங்களா' என்று கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார். நாங்கள் ஐந்து பேர் இருப்போம். யாராவது ஒருத்தர் எழுந்து போவோம். பெரும்பாலும் அக்காதான் போவாள் என்பது இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் ரயிலில் குரூப்பைத் திறந்தேன். யாரோ ஒரு நடிகையின் கல்யாணப் படத்துக்கும், நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லோரியின் வீடியோவுக்கும் நடுவில் அக்காவின் மெசேஜ் இருந்தது. 'வியாழக்கிழமை காலைல எனக்கு ஆஞ்சியோ. ஹார்ட்ல அடைப்பு இருக்கான்னு பார்க்கப் போறாங்க. கூட ஒருத்தர் இருக்கணுமாம், இல்லன்னா செய்ய மாட்டாங்களாம். யாராவது ஒருத்தர் ஃப்ரீயா இருந்தா சொல்லுங்க. முடியலன்னாலும் பரவால்ல லா.'

படித்தேன். நன்றாகவே படித்தேன், புரிந்தும்கொண்டேன். அதற்குக் கீழே ஏற்கெனவே பதினொரு கூப்பிய கைகள் இருந்தன. பன்னிரண்டாவதாக என் கையைப் போட்டேன். அடுத்து லோரிக்குப் போனேன்.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள். அவளும் குரூப்பில் இருக்கிறாள்.

"அக்கா கூட யாரு போறாங்க?"

"கிள்ளான்லயே எவ்வளவு பேர் இருக்காங்க. யாராவது போவாங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டு என்ன பண்ண? நமக்கு இங்கேருந்து போகவே ஒரு மணி நேரம். அவங்கள்லாம் பத்து நிமிஷத்துல இருக்காங்க."

அவள் பாலர் பள்ளி ஆசிரியை. அந்த வாரம் அவள் பள்ளியில் ஆண்டு விழா. தன்னால் போக முடியாது என்பதால் என்னையும் அதற்கு மேல் துருவவில்லை.

வியாழக்கிழமை எனக்கு ஐந்து எபிசோட். மத்தியானம் இரண்டு மணிக்குக் கீழே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அக்காவின் ஞாபகம் வந்தது. குரூப்பைத் திறந்து பார்த்தேன். அவள் மெசேஜுக்குக் கீழே முப்பத்தொரு கைகள். ஒருத்தி 'கடவுள் உங்க கூட இருக்கார் அக்கா' என்று எழுதியிருந்தாள். பெரியப்பா மகன் முருகன் படம் ஒன்று போட்டிருந்தார், பெரிய படம், நல்ல தெளிவு. நான் போகிறேன் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. அதைக் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். யாராவது தனியாக போன் பண்ணிச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போனைக் கையில்தான் வைத்திருந்தேன். அவள் பேர் மேல் ஒரு தடவை அழுத்தினால் போதும். கடைச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, நாடாளுமன்றத்தில் யாரோ யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு மாடிக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் அக்கா குரூப்பில் எழுதினாள். 'முடிஞ்சது. வீட்டுக்கு வந்துட்டேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.' மறுபடியும் கைகள் குவிந்தன. அந்த நன்றியில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக எடுத்துக்கொண்டு நானும் ஒன்றைப் போட்டேன்.

சனிக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். மனைவி ரசமும் இரண்டு பப்பாளியும் கொடுத்தனுப்பியிருந்தாள். அக்கா கதவைத் திறந்தபோது வலது மணிக்கட்டில் ஊசி போட்ட இடம் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. அந்தக் கையாலேயே எனக்கு மைலோ கலக்கப் போனாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"மூணு எடத்துல அடைப்பாம்" என்றாள். பக்கத்துத் தெருவில் ரோடு போடுகிறார்கள் என்பதைப்போலச் சொன்னாள். "பைபாஸ் செய்யணும்கறாங்க. மூணு வாரம் கழிச்சு சர்ஜனைப் பார்க்கணும்."

"அன்னிக்கு யாரு கூட வந்தது?"

"கார்க்காரர்."

"எந்தக் கார்க்காரர்?"

"ஆப்ல கூப்பிட்டேன் இல்ல, அவர்தான்."

எனக்கு விளங்கவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே விளக்கினாள். காலை ஆறு மணிக்கு வந்த கார். ஓட்டி வந்தவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர், பள்ளி பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கேரி தீவுப் பக்கம் தோட்டத்தை ஒட்டி வளர்ந்ததால் தமிழ் பேசுவார். கோலாலம்பூர் போகும் வழியில் நெரிசலில் நின்றபோது, ஆஸ்பத்திரியில் யார் காத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். யாரும் இல்லை, அங்கே போய் யாரையாவது கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டதும், காரை நிறுத்திவிட்டு வருகிறேன், கொஞ்சம் இருங்கள் என்றாராம்.

"நேரா நர்ஸ்கிட்ட போயி, நான்தான் இவங்க கூட வந்தவன்னுட்டார். ஃபாரத்துல கையெழுத்தும் போட்டுட்டார். என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. உடனே எங்கிட்ட திரும்பி வயசு என்னன்னு கேட்டார். அறுபத்து மூணுன்னேன். அவருக்கு அறுபத்தொன்னாம். அப்போ நான் ஆடிக்னு சொல்லி எழுதிட்டார். நர்ஸே சிரிச்சுட்டா."

அந்தத் தாளின் நகல் மேசை மேல் மற்ற ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கூட வந்தவர் பெயர் என்ற இடத்தில் ஒரு மலாய்ப் பெயர். உறவுமுறை என்ற இடத்தில் 'ஆடிக்' என்று பெரிய எழுத்தில். மலாயில் உடன்பிறந்த இளையவருக்குச் சொல்வது. பத்தொன்பது வருஷமாக 'தம்பி' என்று யாராவது சீரியலில் கூப்பிடும்போதெல்லாம் நான் தட்டும் வார்த்தை அது.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அங்கேயே இருந்தார் தம்பி. தொழறதுக்கு மட்டும் எழுந்து போனார். போகும்போது பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, எங்கக்கா பேரைக் கூப்பிட்டா எனக்கு போன் பண்ணுங்கன்னு நம்பர் குடுத்துட்டுப் போயிருக்கார்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அக்கா."

"குரூப்ல போட்டேனே. நீயும் பார்த்தே இல்ல, கை போட்டிருந்தே."

குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. பார்த்தாயா என்று சரிபார்க்கும் கிராணியின் குரலில்தான் சொன்னாள்.

"கிள்ளான்ல இத்தனை பேர் இருக்காங்களேன்னு நெனச்சேன்."

"ஆமாப்பா. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

மைலோவைக் குடித்தேன். சர்ஜனைப் பார்க்கப் போகும்போது நான் வருகிறேன் என்றேன். "லீவு கெடைக்குமா?" என்றாள். கிடைக்கும் என்றேன். "அப்போ சரி, வா" என்றாள். கிளம்பும்போது பப்பாளியில் ஒன்றை, தனி ஆளுக்கு இரண்டு எதற்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்த்தேன். என் மேலோ, கிள்ளான் சொந்தக்காரர்கள் மேலோ. இல்லாவிட்டால் அழுகையாவது வர வேண்டும். ஒன்றும் வரவில்லை. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி எண்ணெய் போட்டேன், முகத்தைக் கழுவிக்கொண்டேன். மனைவியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். "நாப்பத்தாறு பேர்" என்றாள். பிறகு, "நான் உட்பட" என்றாள்.

திங்கட்கிழமை முதலாளியிடம் லீவு கேட்டேன். எந்த நாள், எத்தனை எபிசோட் பின்தங்கும் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கொடுத்தார். தேதியைப் போனில் குறித்து, முந்தின நாள் மணி அடிக்கும்படி வைத்தேன். வைத்ததும், நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக மனது அடங்கிவிட்டது. அந்த மூன்று வாரத்தில் அக்காவுக்கு நான் ஒரு தடவைகூட போன் பண்ணவில்லை. அவளிடம் என்னென்ன காகிதம் கொடுத்திருக்கிறார்கள், அதில் என்ன கேட்டிருக்கிறார்கள், எதையும் விசாரிக்கவில்லை. மணி அடிக்கும், போவேன். அவ்வளவுதான் என் திட்டம்.

அன்று காலை ஆறு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் என் காரை நிறுத்தியபோது, ஒரு பழைய வெள்ளைக் கார் முன்பே நின்றிருந்தது. கறுப்புத் தொப்பி வைத்த ஒரு ஒல்லியான மனிதர் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். பிடித்த கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"தம்பி டிவில வேலைதானே? அக்கா சொன்னாங்க. என் சம்சாரம் தினம் தமிழ் டிராமா பாக்கறா. கீழே மலாயில வருதே, அது நீங்கதானா? அதைப் படிச்சுப் படிச்சு அழறா."

தேங்க்ஸ் என்றேன்.

அக்கா வெளியே வந்தாள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கையில் பிளாஸ்டிக் கோப்பு. "அவர் வரேன்னு சொல்லிட்டார்ப்பா. உன் கார் இங்கேயே இருக்கட்டும், அங்க பார்க்கிங் கெடைக்காது" என்றாள். அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர் மனைவிக்கு மூட்டு வலி, அக்காவுக்கு மாத்திரை போட்டால் வாய் கசக்கிறது, எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கிறது. வாழைக்காய் வறுத்த கதைகூட வந்தது. அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எண்ணைக் கூப்பிட்டதும் நர்ஸ், நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றாள். நாங்கள் இருவரும் எழுந்திருந்தோம். பெரியவர் உடனே உட்கார்ந்துவிட்டார். "போங்க தம்பி, போங்க" என்றார்.

சர்ஜன் ஒரு இளம் பெண். மலாயும் ஆங்கிலமும் கலந்து, அவசரப்படாமல் பேசினார். மூன்று அடைப்பு, ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போடுவது ஆபத்து. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு ஆறு வாரத்துக்கு இவரைத் தனியாக விடக் கூடாது, குளிப்பதற்குக்கூட ஒருவர் துணை வேண்டும். அந்த ஒருவர் யார் என்று தெரியாமல் நான் ஆபரேஷன் தேதி கொடுப்பதில்லை என்றார். போன தடவையே அதற்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அக்கா கோப்பிலிருந்து அதை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் படித்துவிட்டு நிமிர்ந்தார். அதில் இருந்த பேரைச் சொல்லி, "இவர் நீங்கள்தானா?" என்று என்னைக் கேட்டார்.

அது பெரியவரின் பேர்.

"இல்லை. நான் தம்பி" என்றேன்.

டாக்டர் தாளை மறுபடி பார்த்தார். "இதிலும் தம்பி என்றுதான் இருக்கிறது" என்றார்.

எட்டிப் பார்த்தேன். அக்காவின் பள்ளிக்கூட அலுவலகக் கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பேர், போன் நம்பர், வீட்டு விலாசம். அவர் மனைவி வந்து இரவில் தங்குவார், பகலில் அவர் வருவார் என்று கீழே இரண்டு வரியில் எழுதியிருந்தாள்.

"அக்கா, என் பேரை எழுதியிருக்கலாமே" என்றேன், தமிழில், மெதுவாக.

"உன்னைக் கேட்டா நீ இல்லன்னு சொல்ல மாட்டே தம்பி. அதான் கேக்கல."

"அவரை மட்டும் கேட்டியே."

"அவரை நான் கேக்கவே இல்லப்பா. அவரா சொன்னார்."

டாக்டருக்கு எங்கள் பேச்சு புரிந்திருக்காது. எங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். வீட்டில் கூட இருக்கப் போகிறவரிடம்தான் நான் பேச வேண்டும், புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவது என்றெல்லாம் அவருக்குச் சொல்லித்தர வேண்டும், அவர் வந்திருக்கிறாரா என்று கேட்டார். வெளியே இருக்கிறார் என்றேன். அவரை அனுப்ப முடியுமா என்றார். நான் எழுந்தேன். என் பேரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அக்கா என்னைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் சங்கடப்படக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

வெளியே பெரியவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்களைக் கூப்பிடறாங்க" என்றேன். அவர் பதறி எழுந்தார்.

"அக்காவுக்கு என்ன?"

"ஒன்னும் இல்ல. வீட்டுல எப்படிப் பார்த்துக்கணும்னு சொல்லித்தரப் போறாங்க."

"அப்போ தம்பியும் வாங்க."

"உள்ள ஒருத்தர்தான்."

அவர் தொப்பியை வைத்துக்கொண்டு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். கதவு மூடுவதற்குள் அக்காவின் குரல் கேட்டது. "இவர்தான் டாக்டர்" என்று மலாயில் சொன்னாள். நான் அவர் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அக்காவுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.